பச்சைப் புத்தகத்தில் இன்னொரு தேதி

(திண்டுக்கல்லில் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டம் ஒன்றில் பேசியதை எழுத்தாக்கியது)

எல்லோருக்கும் வணக்கம். நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 30 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பிரசவ வார்டிலும் பெண்கள் ஓ.பி.யிலும் போனது. இன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசப்போகிறேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அது ஏன் கூடுதலாக வருகிறது, வராமல் எப்படித் தடுக்கலாம், அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். 40 வயதைத் தொடாதவர். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை, ஏ.ஆர்.டி. என்பார்களே அதை, 9 வருடமாகச் சாப்பிட்டு வந்தார், ஒரு நாள்கூட விட்டதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை நன்றாக இருந்தது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பார்த்தால் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஏ.ஆர்.டி. மையத்தில் மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். ஒரு வருடமாக வெள்ளைப்படுதல், இடுப்பு வலி. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் ஓ.பி.க்கு வந்து கட்டிலில் படுத்தபோது நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “மருந்தை ஒரு நாள்கூட விடலையே சிஸ்டர், அப்புறம் எப்படி?”

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஒரு முறை மாத்திரை வாங்க வந்திருக்கிறார். 9 வருடத்துக்கு 108 தடவை. அத்தனை தடவையும் எடை பார்த்தோம், இருமல் இருக்கிறதா என்று கேட்டோம், சளி பரிசோதனைக்கு அனுப்பினோம். “வாம்மா, கர்ப்பப்பை வாயை ஒரு தடவை பார்த்துவிடலாம்” என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏ.ஆர்.டி. மையம் ஒரு கட்டடம், பெண்கள் ஓ.பி. இன்னொரு கட்டடம். நடுவில் ஒரு வேப்பமரம். நடந்தால் ஒரு நிமிடம் ஆகாது.

எச்.ஐ.வி.க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தம் உலகத்துக்குத் தெரியாத ஒன்றா என்றால், இல்லை. 2008-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். பாதிப் பரிசு ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு. எச்.பி.வி. என்ற வைரஸ்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர். மீதிப் பாதி பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்கும் லுக் மான்டனியேவுக்கும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்ததற்காக. அதற்கும் முன்னால், 1993 ஜனவரியிலேயே, அமெரிக்காவில் எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களின் பட்டியலில் திசுவுக்குள் ஊடுருவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைச் சேர்த்தார்கள். அதுவும் சும்மா நடக்கவில்லை. அதுவரை பட்டியல் பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் நோய்களை வைத்தே எழுதப்பட்டிருந்தது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் இந்த ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்கள்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? எச்.பி.வி. ரொம்பச் சாதாரணமான வைரஸ். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு தடவை வந்து போகும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பொதுவாக ஓரிரு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கினால் கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் மெல்ல மெல்ல மாற ஆரம்பிக்கும். இந்த வைரஸில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே 10-ல் 7 புற்றுநோய்க்குக் காரணம்.

இந்த வைரஸை விரட்ட வேண்டியது யார்? நம்முடைய எதிர்ப்புச் சக்திதான். எச்.ஐ.வி. கை வைப்பதும் அதே எதிர்ப்புச் சக்தியில்தான். வாசலில் காவல் நிற்பவனையே கட்டிப்போட்ட மாதிரி. அதனால் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு எச்.பி.வி. எளிதில் வருகிறது, வந்தால் போக மறுக்கிறது, போன மாதிரி இருந்தும் திரும்பத் தலையெடுக்கிறது. மற்றப் பெண்களோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு. சாதாரணமாக 15, 20 வருடம் எடுத்துக்கொண்டு வளரும் நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்து சிகிச்சையும் இல்லாத உடம்பில் 5 முதல் 10 வருடத்தில் வந்து நிற்கலாம்.

கூட்டு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் சாப்பிட்டால் இந்த ஆபத்து குறைகிறது. அதனால் மருந்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் மருந்து மட்டும் போதாது. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே செல்கள் மாறத் தொடங்கியிருக்கலாம். நான் சொன்ன அந்தப் பெண்ணின் கேள்விக்கு இதுதான் பதில். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் கணவரை இழந்தவர்கள். “அவர் போய் 12 வருஷமாச்சு, நான் தனியாத்தான் இருக்கேன், எனக்கு எதுக்கு இந்தச் சோதனை?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது குரலில் ஒரு கோபமும் இருக்கும், ‘என்னை என்னவென்று நினைத்தாய்’ என்பதைப் போல. தாயே, யாரும் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. 12 வருடத்துக்கு முன்னால் வந்த வைரஸ் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். சோதனைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், இந்தப் புற்றுநோயால் செத்துப்போன விதவைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி: “வலியே இல்லையே சிஸ்டர்?” ஆமாம், வலிக்காது. புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலையில் எந்த அறிகுறியும் இருக்காது. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதெல்லாம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வாருங்கள். ஆனால் அது வரும் வரை காத்திருக்காதீர்கள். ஒன்றும் இல்லாதபோது பார்ப்பதற்குப் பெயர்தான் பரிசோதனை.

அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் பயம். நான் சொல்கிறேன். சேலையை மேலே தூக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். மேலே ஒரு துணி போர்த்துவார்கள். போர்த்தாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஸ்பெகுலம் என்று ஒரு கருவி, வாத்தின் அலகு மாதிரி இருக்கும், அதை உள்ளே வைத்துத் திறந்தால் கர்ப்பப்பை வாய் தெரியும். மூச்சை வாயால் மெல்ல விட்டால் தசை தளரும், அவ்வளவாக வலிக்காது. வினிகரில் இருக்கிறதே, அந்த அசிட்டிக் அமிலம். அதைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவுவோம். கொஞ்சம் சுரீர் என்று இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறிப்போன செல்கள் உள்ள இடம் வெள்ளை வெளேரென்று தெரியும். வி.ஐ.ஏ. பரிசோதனை என்பது இதுதான். ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பதிலும் அங்கேயே கிடைக்கும்.

இதில் திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 2000-ல் இந்த மாவட்டத்துக் கிராமங்களில்தான், அம்பிளிக்கையை மையமாக வைத்து, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை ஊர் ஊராகச் செய்து பார்த்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். 31,000-க்கும் அதிகமான பெண்கள் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். 2007-ல் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு! இன்று உலகம் முழுக்க இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் திண்டுக்கல் என்ற பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அதில் வந்து படுத்திருக்கலாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு வினிகர் சோதனையை மட்டும் நம்பி இருக்க நான் சொல்ல மாட்டேன். பார்ப்பவர் கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தது அது. வேறு தொற்றும் புண்ணும் இருந்தால் குழப்பும். எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை கிடைக்கும் இடத்தில் அதைக் கேளுங்கள். சின்னப் பிரஷ்ஷால் மாதிரி எடுப்பார்கள். நீங்களே மறைவாகப் போய் எடுத்துக் கொடுக்கவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது இது: மற்றப் பெண்கள் 30 வயதில் ஆரம்பித்தால் போதும், எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25-லேயே ஆரம்பிக்க வேண்டும். டி.என்.ஏ. சோதனை என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை. வினிகர் சோதனையோ, செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியரோ என்றால் 3 வருடத்துக்கு ஒரு தடவை. டி.என்.ஏ. சோதனையில் வைரஸ் இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தம் ஆகாது. இன்னொரு சோதனை செய்து பார்த்துத்தான் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வார்கள்.

மாறிய இடம் சிறியதாக இருந்தால் சூடு வைத்தோ உறைய வைத்தோ அழித்துவிடலாம், வார்டில் படுக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெரியது என்றால் மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். எடுத்துவிட்டார்களே என்று இருந்துவிடக் கூடாது. கென்யாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வில், 2 வருடத்துக்குள் உறைய வைத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் சீவி எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் மாற்றம் மறுபடி வந்திருந்தது. அதனால் 12 மாதத்தில் ஒரு தடவை, அது நன்றாக இருந்தால் இன்னொரு 12 மாதத்தில் மறு தடவை, கட்டாயம் வர வேண்டும்.

வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்று பிரிந்து கிடப்பதை ஒரு ஏழை நாடு சேர்த்துக் காட்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா. 2006-ல் அதன் தலைநகர் லுசாகாவில், எச்.ஐ.வி. சிகிச்சை கொடுக்கும் அரசு கிளினிக்குகளோடு சேர்த்தே பரிசோதனையை ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் போதவில்லை. நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவால் கர்ப்பப்பை வாயைப் படம் எடுத்து, அந்தப் பெண்ணிடமே திரையில் காட்டினார்கள். சந்தேகமான படங்களை டாக்டரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். சிகிச்சை தேவை என்றால் அன்றைக்கே, அங்கேயே. 2013 முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பரிசோதித்துவிட்டார்கள். தன் உடம்புக்குள் இருப்பதைத் தானே ஒரு பெண் பார்க்கிறாள் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. 30 வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பேன். ஒருவருக்காவது காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நம்மிடம் என்ன குறை? தாம்பரத்தில் 2004-லேயே இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. நர்ஸுகள் இருக்கிறார்கள். இல்லாதது அந்த மரத்தைக் கடந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆள்தான்.

கடந்து போனாலும் அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரு மருத்துவமனையில் தன் நிலையைச் சொன்ன பெண்ணுக்கு மூன்று வாரம் தொடர்ந்து “இன்றைக்கு ஸ்பெகுலம் இல்லை” என்று பதில் வந்தது. நான்காவது வாரம் அவர் போகவில்லை. என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் எச்.ஐ.வி. என்று சீட்டில் பார்த்தால் நான் இரண்டு கையுறை போடுவேன். ஒரு நாள் படுத்திருந்த பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு போட்டதில்லை. யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு புதுக் கையுறை, ஒரே மாதிரிக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த கருவி, அதுதான் சரியான முறை. 2017-ல் வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் இரண்டு பேர், மூன்று பேராகப் போய்க் கேளுங்கள்.

மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாம். நம் நாட்டிலேயே தயாரிக்கிறார்கள். குழந்தைக்கும் எச்.ஐ.வி. இருந்தால் ஒரு ஊசி போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஊசி போட்டவர்களும் பெரியவர்களானதும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

எல்லோர் பையிலும் ஏ.ஆர்.டி. பச்சைப் புத்தகம் இருக்கும், எடுங்கள். அடுத்து மாத்திரை வாங்கப் போகும் தேதி அதில் இருக்கிறது அல்லவா? அதற்குப் பக்கத்திலேயே பேனாவால் “கர்ப்பப்பை வாய் பரிசோதனை” என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். மாத்திரை கொடுப்பவரிடம் அந்த வரியைக் காட்டி, எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். மைக்கில் கேட்க முடியாத கேள்வி நிறையப் பேருக்கு இருக்கும். நான் இதை அணைத்துவிட்டுக் கீழே வந்து உங்களோடு உட்காருகிறேன்.