செக்போஸ்ட்டில் நிற்காத கிருமி

(லோயர்கேம்ப்பில் ஏலத்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரை)

விடியுமுன்னே ஜீப் ஏறி, பொழுது சாயும்வரை ஏலக்காட்டில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்றால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றிலும் வண்டியை நிறுத்தி டயருக்கு மருந்தடிக்கிறார்கள். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பழந்தின்னி வௌவாலிடமிருந்து நிபா வந்தது. நோயாளியைக் கவனித்த பேராம்பிரா நர்ஸ் லினியையே அது கொண்டுபோனது. 2020 ஜனவரி 30-இல் நாட்டின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் தெரியவந்தார். அப்புறம் இந்த மலைப்பாதை அடைபட்டு நாம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நான் பேச வந்தது மருந்துக்கு அடங்காத கிருமியைப் பற்றி. அதற்கு எந்த செக்போஸ்ட்டும் கிடையாது. அது நம் குடலுக்குள்ளேயே மலை ஏறி இறங்குகிறது.

முப்பது வருஷம் மருந்து கொடுத்தவன் நான். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் மெடிக்கலில் வந்து நிற்பார்கள். "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே, அந்த மாத்திரை ரெண்டு கொடுங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்." ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அவர் கேட்கும் மாத்திரை ஆன்டிபயாடிக். ஆனால் அவருக்கு இருப்பது வெறும் ஜலதோஷம். அது வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது.

சரி, சளிக்கு உதவாத மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது? நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கின்றன, பெரும்பாலும் சாதுவானவை. மாத்திரை அவற்றில் பலவற்றை அழித்துவிடுகிறது. எப்படியோ அதற்கு அசையாத நாலைந்து மிஞ்சுகின்றன. இடம் காலி, சாப்பாடு தாராளம். சில வகைகள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். அதைவிட மோசம், மருந்தை எதிர்க்கும் வித்தையை ஒரு பாக்டீரியா வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். அப்புறம் கழிவுநீர், கழுவாத கை, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று ஊர் முழுக்கப் பரவும்.

என் அண்ணனுக்குச் சர்க்கரை. காலில் கல் குத்திய சின்னப் புண். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தாளில் பதினான்கு மருந்தின் பெயர். கேட்கும் மருந்துக்கு எதிரே 'எஸ்', கேட்காததற்கு 'ஆர்'. விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். ஆர், ஆர், ஆர். பதினொன்று 'ஆர்'. மிச்சம் மூன்றும் ஊசி மருந்து. பாதத்தில் பாதி போய்த்தான் உயிர் தங்கியது. அவர் எத்தனை வருஷமாகக் காய்ச்சலுக்கெல்லாம் என்னிடம் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டவர் தெரியுமா? அந்தப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் கொடுத்த கை இது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கேரளம் 2018-லேயே இதற்கென்று மாநிலத் திட்டம் போட்டது. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் அங்கே சோதனை நடக்கிறது. மேலே சீட்டு கேட்கிறார்கள் என்று கீழே இறங்கி வந்து வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு கொதிக்கும். மலைக்கு மேலே ஒரு சட்டமும் கீழே ஒரு சட்டமுமா? இரண்டு பக்கமும் சீட்டு வேண்டும் என்பதுதான் சட்டம்.

டாக்டர் ஐந்து நாள் எழுதினால் ஐந்து நாளும் போடுங்கள். காய்ச்சல் விட்டதென்று மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. உங்கள் சாப்பாட்டுப் பையிலோ முந்தானை முடிச்சிலோ அப்படி மிச்ச மாத்திரை இருந்தால் எடுத்து வாருங்கள். ஜீப் கிளம்ப இன்னும் அரை மணி இருக்கிறது. நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.