தடித்த எழுத்தில் இல்லாத சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருநாள் வகுப்பில் அறிவியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "தண்ணீரின் வெப்பநிலை உயர்ந்தால் சர்க்கரையின் கரைதிறன் எவ்வாறு மாறும் என ஊகித்து, காரணம் கூறுக" என்று ஒரு கேள்வி. நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி எழுந்து வந்து மெல்லிய குரலில் கேட்டாள்: "டீச்சர், ஊகித்துன்னா என்ன?"

கரைதிறன் என்றால் என்ன என்று நான் கேட்டிருந்தால் அவள் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, சோதனை செய்து காட்டி நடத்தியிருந்தேன். ஊகித்தல் என்ற சொல்லை ஒருமுறைகூட விளக்கியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று இருந்துவிட்டேன். பாடம் தெரிந்த பிள்ளை, கேள்வி புரியாமல் நின்றாள். அந்தத் தவறு என்னுடையது.

அதன்பிறகு பாடநூல்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஒளிச்சேர்க்கை, கரைதிறன், முக்கோணவியல் போன்ற கலைச்சொற்களுக்குக் குறையே இல்லை. நூலில் தடித்த எழுத்தில் இருக்கும், பாட இறுதியில் அருஞ்சொற்பொருள் இருக்கும், ஆசிரியரும் விளக்குவார். காரணி, விளைவு, பண்பு, கூறு, சான்று, கருதுகோள், சார்ந்து, மாறாக, இருப்பினும் போன்றவைதான் அநாதைகள். எல்லாப் பாடத்திலும் வரும். எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லை. அறிவியல் ஆசிரியர், அது மொழிப்பாடத்தில் வந்திருக்கும் என்று நினைப்பார். மொழியாசிரியர், அது அறிவியலில் வரும் என்று விட்டுவிடுவார்.

அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டிலேயே வந்துவிடும் அன்றாடச் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாவது. இரண்டுக்கும் நடுவே, பல துறைகளிலும் புழங்கும் சொற்கள் இரண்டாவது. வகுப்பில் அதிக உழைப்பைக் கொட்ட வேண்டியது இந்த நடு அடுக்கில்தான் என்றார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த அவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் இத்தகைய நடு அடுக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, மிகப் பொதுவான 2,000 சொற்குடும்பங்களை (ஒரே வேரிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுப்பு ஒரு குடும்பம்) ஒதுக்கிவிட்டு, 570 சொற்குடும்பங்களைத் தேர்ந்தார். அவர் அலசிய நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இவற்றைச் சேர்ந்தது. பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் புரியாமல் ஒரு பக்கத்தைப் படிப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழில் இன்னொரு சுமையும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. "இருந்தாலும்" என்று நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளைக்கு "இருப்பினும்" அந்நியமாக நிற்கிறது. "மாறாக" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் பத்தியின் பொருளே தலைகீழாகிவிடும். ஆகவே, பிள்ளை கலகலவென்று பேசுகிறது என்பதை வைத்து, அதற்குப் பாடமொழியும் வந்துவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. கனடாவில் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்து இதைத்தான் சொன்னார்: புதிய மொழியில் உரையாடப் பழகுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும், பாடமொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

தெரிந்த சொல்லே வேறு முகத்தோடு வருவது அடுத்த சிக்கல். பகுதி என்றால் வீட்டுப் பேச்சில் ஒரு பாகம். கணக்கில் பின்னத்தின் கீழ் எண். இலக்கணத்தில், பிரித்துப் பொருள் காணக்கூடிய சொல்லான பகுபதத்தின் முதல் உறுப்பு. வினை என்பது இலக்கணத்தில் செயலைக் குறிக்கும் சொல், வேதியியலில் பொருள்கள் சேர்ந்து வேறு பொருளாக மாறுவது. பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், இயற்பியல் கணக்குப்படி அந்தப் பாரத்தின் மீது செய்த வேலை சுழியம். வியர்வை வழிய நின்றவனுக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். வேலை என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சரி, எப்படிக் கற்பிப்பது? பொருளை எழுதிப்போட்டு ஐந்து முறை எழுதி வரச் சொல்வது பழைய வழக்கம். அதில் கை பழகும், நா பழகாது. நான் செய்வதைச் சொல்கிறேன். காரணி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அகராதிப் பொருளோடு தொடங்குவதில்லை. "செடி நன்றாக வளர என்னென்ன வேண்டும்?" என்று கேட்பேன். தண்ணீர், வெளிச்சம், மண் என்று வரும். இவை ஒவ்வொன்றும் வளர்ச்சியைப் பாதிக்கும் காரணி என்று அப்போதுதான் சொல்வேன். அடுத்து, "தொட்டியின் நிறம் ஒரு காரணியா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கறுப்புத் தொட்டி சூடாகுமே என்று ஒருவன் வாதிடுவான். வாதிடட்டும். அந்த வாதத்தில் அவன் அந்தச் சொல்லை நாலைந்து முறை வாயால் சொல்லியிருப்பான்.

எது காரணி ஆகாது என்று பேசுவது, எது காரணி என்று பேசுவதைப் போலவே முக்கியம். அமெரிக்காவில் டோரதி ஃபிரேயரும் அவருடைய சகாக்களும் 1969-இல் உருவாக்கிய நாற்கட்டத்தில், பொருள், இயல்புகள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு, எடுத்துக்காட்டு ஆகாததற்கும் தனிக் கட்டம் உண்டு. காரணத்துக்கும் காரணிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கட்டத்தில்தான் தெளியும். செடி வாடியதற்குக் காரணம், நேற்று தண்ணீர் ஊற்றாதது. தண்ணீரின் அளவு என்பது காரணி. அது கூடினாலும் குறைந்தாலும் விளைவு மாறும்.

பிறகு ஒரு வாக்கியச் சட்டகம் கொடுப்பேன்: "இன்னது, இன்னதைப் பாதிக்கும் ஒரு காரணி, ஏனெனில்..." பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு எழுத வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்தச் சட்டகம் கைப்பிடிபோல. அடுத்த வாரம் ஆற்றங்கரையில் நகரங்கள் வளர்ந்த பாடத்தில் அதே சொல்லைக் கேட்பேன். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்று கணக்கில் வரும்போது, இந்தக் காரணி எப்படி வேறுபடுகிறது என்று கேட்பேன். நாள் இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பது நினைவில் நிறுத்தும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இலேயே எழுதிவைத்தார். வாரத்துக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் நான் எடுப்பதில்லை. இருபது சொல் எடுத்த காலமும் உண்டு, ஒன்றும் தங்கவில்லை.

சொல்லைப் பிரித்துக் காட்டவும் தமிழ் நன்றாக இடம் கொடுக்கிறது. ஒளியும் சேர்க்கையும் தெரிந்தால் ஒளிச்சேர்க்கை பாதி திறந்துவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லலாம். ஃபோட்டோசிந்தசிஸ் என்று மனப்பாடம் செய்பவனுக்குத் தமிழ்ச் சொல் பொருளைக் கையில் கொடுக்கும். வீட்டுமொழியை வகுப்பு வாசலில் விட்டுவிட்டு வா என்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வித்தாளில் வரும் ஏவல் சொற்களுக்கு ஒரு முழுப் பாடவேளையே கொடுங்கள். மழை என்ற ஒரே தலைப்பை வைத்து வரையறு, விவரி, விளக்குக என்று மூன்று கேள்வி கொடுத்தேன். முதலில் பெரும்பாலோர் மூன்றுக்கும் ஒரே விடையை எழுதினார்கள். மழை என்றால் என்ன, மழை எப்படி இருக்கும், மழை ஏன் பெய்கிறது என்று மூன்றையும் பிரித்துப் பேசியபிறகு மறுபடி எழுதச் சொன்னேன். மூன்று விடைகளும் வேறு வேறாக வந்தன.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த நேரத்தை அறிவியல் பாடவேளையிலிருந்தே எடுங்கள். ஊகித்தல் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு நடத்திய கரைதிறன் விடைத்தாளில் வராது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.