பெட்டிவரின் ஒற்றைத் தாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஜேம்ஸ் பெட்டிவர். 1695-இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர். ஆசியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ அவர் கப்பலேறியதே இல்லை. அங்குள்ள செடிகளும் பூச்சிகளும் மட்டும் அவரிடம் வந்து சேர்ந்தன. கப்பல் மருத்துவர்களிடமும் மாலுமிகளிடமும் அவர் கொடுத்தனுப்பிய ஓர் அச்சுத் தாளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அடிமை வணிகக் கப்பல்களின் மருத்துவர்களும் அவருக்குச் சேகரித்துக் கொடுத்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைப் பேசுவது நேர்மையல்ல.

அந்தத் தாள் என்ன சொல்கிறது? சிறிய விலங்கு, மீன், பாம்பு, பல்லி எல்லாவற்றையும் சாராயத்திலோ ரம்மிலோ பிராந்தியிலோ போடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு காலன் கடல்நீரில் மூன்று நான்கு கைப்பிடி உப்பு, படிகாரத்தூள் இருந்தால் ஒன்றிரண்டு கரண்டி. பாத்திரத்தை நன்றாகத் தக்கையடைத்துப் பிசின் பூசுங்கள். பறவையென்றால் இறக்கைக்கு அடியில் கீறிக் குடலை எடுத்துவிட்டு, கீல் கலந்த நாரைத் திணித்து வெயிலில் காயவையுங்கள். நெடும்பயணத்தில் மாதம் ஒன்றிரண்டுக்கு ஒருமுறை இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புழு வைத்துவிடும்.

செடிக்கான குறிப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. பூவோ காயோ விதையோ உள்ள கிளையாக ஒடிக்க வேண்டும். வேரருகே உள்ள இலை மேலிலையிலிருந்து மாறுபட்டால் இரண்டையும் எடுக்க வேண்டும். பல செடிகளில் இவ்விரு இலைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றை மட்டும் பார்ப்பவர் வேறு செடியென்று எண்ணிவிடுவார். பறித்தவுடன் பழுப்புத்தாள் கட்டுக்குள் வைத்து, அவ்வப்போது உலர்ந்த பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இலையின் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் பூஞ்சணம் பிடித்து இலை கருக்கும், தாளும் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் செடி உலர்த்திப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சென்னைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன் 1690-களில் இந்தப் பக்கத்துச் செடிகளைத் தமிழ்ப் பெயரோடும் மருத்துவப் பயனோடும் அனுப்பினார். பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்தார். செடியோடு பெயர் சேர்ந்து வந்ததால்தான் அந்தத் தொகுப்புக்கு இவ்வளவு மதிப்பு.

1702 முதல் பெட்டிவர் வெளியிட்ட, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். காய்ந்து தட்டையான மாதிரியைப் பார்த்து வரைந்தால் இதழின் வளைவு கிடைக்காது, நிறமும் மங்கியிருக்கும். போதாததற்கு, ஒரே தகட்டில் பல பொருள்களை நெருக்கியிருக்கிறார். படத்தை மட்டும் நம்பிச் செடியை அடையாளம் காண வேண்டாம். அவர் 1718-இல் இறந்தபின் தொகுப்பை லண்டன் மருத்துவரும் சேகரிப்பாளருமான ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோனின் 265 உலர்செடித் தொகுதிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஐயம் வந்தால் அங்கே ஒட்டியிருக்கும் செடியையும் அதன் சீட்டையும்தான் பார்க்க வேண்டும்.