ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஹீட்டர்! ஹீட் பம்ப் லாபமா, நஷ்டமா?

(காட்சி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர். ஐஸ் கம்பெனியின் பின்பக்கம். குழாய்கள் மேல் தண்ணீர் வழிகிறது.)

வணக்கம் மக்களே! நான் இப்போது ஒரு ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சிரிக்காதீர்கள். முன்பக்கம் பார் ஐஸ் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம் கம்ப்ரஸரிலிருந்து வரும் இந்தக் குழாயைத் தொட்டால் கை பொள்ளிவிடும்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் அக்கா, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப், அதாவது வெளியே இருக்கும் வெப்பத்தைக் கரண்டில் உள்ளே இழுக்கும் மெஷின், போடலாமா என்று போனில் கேட்டாள். மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ராமநாதபுரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் நம் ஆட்களுக்கு இது பழகிய மெஷின்தான்.

50 கிலோ பார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரித் தண்ணீர் ஐஸ் ஆக வேண்டுமென்றால், அதிலிருந்து 6 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை உருவ வேண்டும். 2 கிலோவாட் கீசர் மூன்று மணி நேரம் ஓடினால் வருகிற சூடு அது! அது எங்கே போகிறது? இதோ, இந்தக் குழாய் வழியாகக் காற்றில். நமக்கு ஐஸ் வேண்டும், சூடு குப்பை. குளிர் நாட்டுக்காரனுக்குச் சூடு வேண்டும், குளிர்ச்சி குப்பை. மெஷின் ஒன்றுதான்.

வரலாறு ஒரே வரியில்: 1850களில் ஆஸ்திரியாவின் எபென்சே ஊரில் ரிட்டிங்கர் என்பவர் உப்பு காய்ச்சத்தான் முதல் ஹீட் பம்பைச் செய்தார். வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் சும்மா செய்து தருகிற வேலை! சரி, மேலே போவோம்.

எனக்குத் தூக்கம் போன விஷயம் இதுதான். நார்வேயில் டிராமன் என்று ஒரு ஊர். அங்கே கடல் தண்ணீர் 8 டிகிரி. நம் ஆள் கால் வைத்தால் அலறுவான். 2011லிருந்து அந்தத் தண்ணீரில் இருக்கும் வெப்பத்தை ஹீட் பம்பால் உறிஞ்சி, 90 டிகிரி வரை ஏற்றி, ஊர்க் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். உள்ளே ஓடுவது அமோனியா. ஆமாம், இந்த ஐஸ் கம்பெனியில் கசிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அதே அமோனியா! நம் பாக் நீரிணையைக் கொடுத்தால் வெந்நீர் ஊற்று என்று கும்பிடுவார்கள். வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு லைக் போடுங்கள், இதற்காகவாவது.

(காட்சி: கடலோர மணலில் ஊற்று. சிரட்டையில் தண்ணீர் மொள்கிறார்கள்.)

இப்போது கணக்கு. சாதாரண ஹீட்டர் 1 யூனிட் கரண்டுக்கு 1 யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் 3, சில சமயம் 4 யூனிட் தரும். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை அள்ளி உள்ளே ஊற்றுகிறது. நம் ஊற்று மாதிரி. தண்ணீர் மேலே நின்றால் சிரட்டை போதும். ஆழத்துக்குப் போனால் மோட்டார் வேண்டும். வெளியே குளிர் கூடக்கூட வெப்பம் ஆழத்துக்குப் போகிறது, கரண்ட் கூடுகிறது. சித்திரையில் தாகம் அதிகம், ஊற்றிலோ தண்ணீர் குறைவு. குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஜனவரியில் அதே கதை.

அக்காவுக்கு இருக்கும் சிக்கல் வேறு. அங்கே ஒரு யூனிட் கரண்ட், ஒரு யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. மெஷின் மூன்று மடங்கு சூடு தந்தாலும் பில்லில் கேஸ்தான் ஜெயிக்கும்! மாட்டுகிற செலவுக்கு அரசு 7,500 பவுண்ட் மானியம் தருகிறது, அது பெரிய ஆறுதல். புகை இல்லை, அதுவும் நிஜம்.

இன்னொன்று, அறையைச் சூடாக்கச் சுவரில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர், பாய்லர் ஓடும்போது சுடுகிற மாதிரி ஹீட் பம்பில் சுடாது. வெதுவெதுப்பாக நாள் முழுக்க ஓட வேண்டும். ஜன்னல் இடுக்கில் காற்று புகுகிற பழைய வீட்டில் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதை. அதனால் அக்காவுக்கு நான் சொன்னது: முதலில் இடுக்கை அடை, சூடு தப்பாமல் பரணுக்கு மேல் பஞ்சு போடு, பாய்லர் தானாகச் சாகட்டும், அப்புறம் மாற்று.

ஏசி மாதிரி ஹீட் பம்புக்கும் வெளியே ஒரு பெட்டி நிற்கும், அதற்குக் கடற்கரையில் உப்புக்காற்று எமன். எங்கள் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடு நான்கே வருடத்தில் அப்பளமாக உதிர்ந்தது. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைக்காரர்களே, உங்கள் வீட்டுப் பெட்டி எத்தனை வருடம் தாங்கியது? கமெண்டில் போடுங்கள். அக்கா வீடும் கடலோரம்தான், அவளும் படிப்பாள்.