பந்தல்கால்தான் முந்தும்

நடுவர் அவர்களே, கோடை விழாவுக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு வந்து, குளிரில் அசையாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாளைய மனிதனின் மரபை மாற்றப் போவது ஆய்வுக்கூடமா, கல்யாணப் பந்தலா? பந்தலே என்பது எங்கள் அணி.

மரபணுவை வெட்டி ஒட்டும் கிரிஸ்பர் நுட்பத்தைச் சொல்லி எதிரணி நண்பர் முழங்கினார். அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய்க்கு அந்த முறையில் செய்யும் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது உண்மை. நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே கண்டறியப்பட்ட கோளாறு அது. தீர்ந்தால் முதலில் கைதட்டுவது நான்தான். ஆனால் ஐயா, அந்தத் திருத்தம் நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் செல்களோடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் போவதில்லை! கருவிலேயே கைவைத்த சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய் சிறைக்குப் போனார். அப்படிப் பிறந்த குழந்தைகள் மூன்று பேர். உலக மக்கள்தொகையோ 800 கோடி.

எங்கள் கணக்கைக் கேளுங்கள். ஐதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டில் மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதன்பிறகு, 'நம்மவர்களுக்குள்ளேயே' என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தியது எந்த ஆய்வுக்கூடம்? பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழக்கம்தானே! ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் இருப்பவர்களுக்குள்ளும் மரபணு இடைவெளி விழுந்தது அதனால்தான்.

அதற்குள்ளும் நமக்கு முறைப்பெண், முறைமாப்பிள்ளை வேறு. அத்தை மகனைக் கட்டினால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக பதினாறில் ஒரு பங்கு, ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாகவும் வந்த ஒரே பிரதியாக அமையும். தாய்மாமன் என்றால் எட்டில் ஒன்று. சொத்து வெளியே போகக் கூடாது என்றார்கள். பழுதுபட்ட மரபணுவும் வெளியே போகாமல் பத்திரமாக இருந்துவிட்டது!

இந்த மலையில் விளையும் அராபிகா காபியும் தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் சாதி. இந்தியத் தோட்டங்களில் பரவிய எஸ்.795 ரகத்துக்கு இலைத்துரு நோயைத் தாங்கும் வலு வந்தது, முன்னோர் வரிசையில் லைபீரிகா என்ற வேறொரு காபி இனம் கலந்ததால்.

இன்னொன்று. வேலை கிடைக்கட்டும், வீடு கட்டட்டும், தங்கைக்கு முடியட்டும் என்று மாப்பிள்ளை நாற்பதைத் தொடுகிறார். தகப்பனின் வயது ஓராண்டு கூடினால், பிள்ளைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்களும் ஒன்றோ இரண்டோ கூடுகின்றன. பெரும்பாலும் தீங்கில்லாதவை, பதற வேண்டாம், முன்வரிசை அண்ணன்களே!

சரி, நாளைக்கே சட்டம் இடம் தந்து, கருவிலேயே குறை தீர்த்துத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திருத்தம் பேரன் பேத்திக்குப் போய்ச் சேர என்ன வழி? பையன் வளர்ந்து, தட்டும் பூவுமாகப் பெண் பார்க்கப் போகத்தானே வேண்டும், எதிரணித் தலைவரே?