நாசகாரிக் கப்பலின் மேல்தட்டில் எத்தனை பீரங்கி?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் அன்பு மிகுதியால் என்னை உயரத்தில் தூக்கி வைத்துவிட்ட தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற துறைமுகப் பொறியாளர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அவர்களே, கடலும் காயலும் அறிந்த படகுக்காரப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். துறைமுகப் பொறியாளர் ஐயா இருக்கும் அவையில் கப்பலைப் பற்றிப் பேச எனக்கு இடம் கொடுத்த தலைவர் அவர்களுக்கு மறுபடியும் நன்றி.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, பிரிட்டிஷ் கடற்படையின் ஆரம்பகால நாசகாரிக் கப்பல்களில் இருந்த பீரங்கிகள். இரண்டாவது, நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோவை ஏவும் குழாய்கள். மூன்றாவது, அவற்றை இயக்கிய மனிதர்கள். இந்த மூன்றுக்கும் ஊடாக, என் பாட்டி அரிசி அளக்கும்போதெல்லாம் சொன்ன பழமொழி ஒன்று வரும்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

1880களில் கடலில் ஒரு பெரிய அச்சம் பரவியது. ஒரு சின்னப் படகு, அதில் ஒரு டார்பிடோ. அவ்வளவுதான், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய போர்க்கப்பலை இருட்டில் வந்து முடித்துவிட்டுப் போய்விடும். 1891-ல் சிலி நாட்டு உள்நாட்டுப் போரில் 'பிளாங்கோ என்கலாடா' என்ற கவசக் கப்பல் டார்பிடோவுக்கே பலியானது. பிரான்சோ டார்பிடோ படகுகளைக் கட்டிக் குவித்துக்கொண்டிருந்தது. அந்தப் படகைத் துரத்திப் பிடித்து அடிக்க ஒரு கப்பல், அதாவது நாசகாரி, வேண்டும் என்று 1892-ல் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஜான் ஃபிஷர் முனைந்தார். 'யாரோ' (Yarrow), 'தார்னிகிராஃப்ட்', 'லேர்டு' ஆகிய மூன்று கம்பெனிகளுக்கும் ஆர்டர் போனது. 'யாரோ' கம்பெனி கட்டிய 'ஹேவக்' 1893-ல் நீரில் இறங்கியது. நீளம் சுமார் 180 அடி, வேகம் 26 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர்.

அதன் ஆயுதங்கள்: 12 பவுண்டர் பீரங்கி ஒன்று, 6 பவுண்டர் மூன்று, 18 அங்குல டார்பிடோக் குழாய் மூன்று. பவுண்டர் என்பது குண்டின் எடையை வைத்து வந்த பெயர். 12 பவுண்டரின் குழல் வாய் 76 மில்லிமீட்டர், குண்டின் எடை ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். 6 பவுண்டர் 57 மில்லிமீட்டர், குண்டு மூன்று கிலோகூட இல்லை. எதிரே வருவது தகடு மெலிந்த படகு. கொதிகலனில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், நின்றுவிடும். அதனால் சிறிய குண்டாக, வேகமாக, நிறையச் சுட வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான கணக்கு.

அந்த 12 பவுண்டர் எங்கே இருந்தது தெரியுமா? சுக்கான் பிடிக்கும் கூண்டுக்கு மேலே, ஒரு மேடையில். அதற்கு முன்னால் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, ஆமை ஓடுபோல வளைந்து தாழ்ந்திருக்கும். கப்பல் முழு வேகத்தில் ஓடினால் அலை அந்த ஓட்டின் மேல் ஏறி நேரே மேடையில் வந்து அறையும். பீரங்கிக்காரர் கண்ணில் உப்புத்தண்ணீர், கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்கல், கையில் குண்டு, இருட்டு. துறைமுகப் பொறியாளர் ஐயா தலையசைக்கிறார், அவருக்குத் தெரியும்.

குழாய்களின் கதை இன்னும் விசேஷம். மூன்றில் ஒன்றை அணியத்திலேயே பொருத்தியிருந்தார்கள். டார்பிடோவை முன்னே விட்டுவிட்டு அதே வேகத்தில் ஓடினால், கப்பல் தன் டார்பிடோ மேலேயே ஏறிவிடக்கூடும்! போதாததற்கு அந்தக் குழாய் தண்ணீரையும் வாரி மேலே இறைத்தது. பிறகு அதைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த 27 நாட் கப்பல்களுக்கு ஓர் அருமையான திட்டம் வைத்திருந்தார்கள். பீரங்கி வேலைக்குப் போனால் ஐந்து 6 பவுண்டர். டார்பிடோ வேலைக்குப் போனால் இரண்டு 6 பவுண்டரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு குழாய். ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்கு! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை இங்கிலாந்தில் யாரோ ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த 30 நாட் கப்பல்களில் ஐந்து 6 பவுண்டரும் இருந்தன, இரண்டு குழாயும் இருந்தன. அந்த 30 நாட் வேகமும் சோதனை ஓட்டத்தில், எடை குறைத்து, பொறுக்கி எடுத்த ஆட்களை வைத்துக் காட்டிய வேகம்.

'கோப்ரா' கப்பலைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆம்ஸ்ட்ராங் கம்பெனி கட்டியது, பார்சன்ஸ் கம்பெனியின் நீராவி டர்பைன் எந்திரம் பொருத்தியது, அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வேகம். கடற்படை அதை விலைக்கு வாங்கியது. 1901 செப்டம்பர் 17 அன்று டைன் ஆற்றிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்குக் கிளம்பியது. எதற்கு? பீரங்கிகளைப் பொருத்திக்கொள்ள! இன்னும் ஒரு பீரங்கிகூட ஏறவில்லை, கவனியுங்கள். கப்பலில் கடற்படை ஆட்கள் இருந்தார்கள். டர்பைன் கம்பெனியின் தொழிலாளர்களும் அவர்களுடைய மேலாளரும் கூட இருந்தார்கள். இரவெல்லாம் அலை. விடிந்து வேலை மாறும் நேரத்தில் கப்பல் நடுவில் இரண்டாக முறிந்தது. படகுகளை இறக்க நேரமில்லை. கப்பல் தலைவராக இருந்த இளம் லெஃப்டினன்ட் இடத்தைவிட்டு அசையாமல் நின்று கப்பலோடு போனார். ஒரே ஒரு சின்னப் படகில் 12 பேர் பல மணி நேரம் மிதந்து, அவ்வழி வந்த நீராவிக் கப்பலால் பிழைத்தார்கள். 67 பேர் இறந்தார்கள். பாறையில் மோதவில்லை, மற்ற நாசகாரிகளைவிட இதன் கட்டுமானம் பலவீனமானது, இதை வாங்கியதே வருத்தத்துக்குரியது என்று விசாரணை மன்றம் தீர்ப்புச் சொன்னது.

அதன்பிறகு வந்த 'ரிவர்' வகைக் கப்பல்களில் அணியத்தை உயர்த்தினார்கள், வேகத்தை இருபத்தைந்தரை நாட்டாகக் குறைத்தார்கள், உடலைப் பலமாக்கினார்கள். அந்த உறுதி இருந்ததால்தான் 1906-ல் ஐந்து 6 பவுண்டரையும் எடுத்துவிட்டு, கூடுதலாக மூன்று 12 பவுண்டர் வைக்க முடிந்தது. ருஷ்ய-ஜப்பான் போர் 6 பவுண்டர் போதாது என்று காட்டிவிட்டிருந்தது. முதலில் உடம்பு, பிறகு பாரம்!

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதனால் கொதிகலன் அறை ஆட்களைப் பற்றிய மூன்றாவது செய்தியை விட்டுவிட்டு, நான் ஊர் ஊராகப் பேசிவரும் விஷயத்துக்கு, பயணிகள் படகில் ஏற்றும் பாரத்துக்கு, வருகிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் 22 பேர். அங்கே பீரங்கி இல்லை, பாரமாக இருந்தவர்கள் குடும்பங்கள், குழந்தைகள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் பிள்ளைகளை அளக்காமல் ஏற்றுகிறோம்!

நாங்கள் கேட்பது நான்கே. ஒவ்வொரு பயணிகள் படகின் பக்கவாட்டிலும், இதற்குமேல் தண்ணீர் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கோடு. ஏறும் வழியில், இத்தனை பேர்தான் என்று தமிழில் எழுதிய பலகை. மேல்தட்டுக்குத் தனிக் கணக்கு. உயிர்காப்பு அங்கியை எல்லோரும் மாட்டிய பிறகே கயிறு அவிழ வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். படகுக்காரப் பெரியவர்கள் முதலில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயர் மேலே இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. மாணவர்கள் நன்றியுரை முடிந்ததும் வரிசையாக வாருங்கள்.