இருபது போரின் எடை

நேயர்களுக்கு வணக்கம். இரட்டைக் குழல் துப்பாக்கி என்றதும் உங்களில் பலருக்கு வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்கும் கனத்த பன்னிரண்டு போர் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். போர் என்பது இங்கே யுத்தமன்று, குழலின் உள்ளளவு. நான் பேச வந்திருப்பது அதன் தம்பிமார்களைப் பற்றி. இருபது போர், இருபத்தெட்டு போர் என்று, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவை வேட்டைக்காகச் செய்யப்பட்ட சிறிய துப்பாக்கிகள் அவை.

எண் கூடக் கூடக் குழல் ஏன் சிறுக்கிறது என்பதை லட்டு பிடிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 454 கிராமை, 12 சம உருண்டைகளாக உருட்டினால், அவற்றில் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் 20 போர். முன்னதன் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், பின்னது 15.6, இருபத்தெட்டோ 14 மட்டுமே.

குழல் சிறுத்தால் போதாது, துப்பாக்கி முழுவதுமே அதற்கேற்பச் சிறுத்திருக்க வேண்டும் என்பதுதான் நான் பல ஆண்டுகளாக நண்பர்களிடம் சொல்லிச் சலிக்காத கருத்து. பன்னிரண்டு போருக்கான உடலில், அதாவது குழலும் கட்டையும் வந்து சேரும் நடு இரும்புப் பகுதியில், இருபது போர் குழலைப் பொருத்தி விற்றால், அது அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பியைப் போல் இருக்கும்.

இதை எனக்குக் கற்பித்தவர் பர்மிங்காமில் நான் வேலை பார்த்த காலத்தில் பழக்கமான முதியவர் ஒருவர். அந்நகரில் ஸ்டீல்ஹவுஸ் லேனை ஒட்டித் துப்பாக்கித் தொழிலாளர்களின் பேட்டை ஒன்று இருந்தது. குழல் செய்பவர், பூட்டு எனப்படும் சுடும் பொறியைச் செய்பவர், தோளில் அண்டும் மரக்கட்டையைச் செதுக்குபவர் என ஆளுக்கொரு சிறு பட்டறை வைத்திருந்த காலம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தபோது நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு கடையில், ரோஜாவும் சுருள் கொடியும் செதுக்கிய அழகான இருபது போர் ஒன்றை என் வசதிக்கு மீறிய விலை கொடுத்து வாங்கி, பெருமையோடு அவரிடம் எடுத்துப்போனேன். அவர் செதுக்கு வேலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. குழல்களைக் கழற்றி, அடியிலிருந்த கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறு கை விரல் நகத்தால் மெல்லச் சுண்டினார். நம் ஊர்ப் பெண்கள் சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே செயல்! நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விட்டது சொத்தென்று சொல்லிவிடும். என் துப்பாக்கி சொத்தென்றது. இரு குழல்களையும் இணைக்கும் நீண்ட பட்டையின் ஈயப் பற்று ஓரிடத்தில் விட்டுப்போய், உள்ளே துரு ஏறியிருந்தது.

அதோடு விடவில்லை. என்னைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, என்னுடையதை ஒருமுறையும் தம்முடைய பழைய இருபது போரை ஒருமுறையும் கையில் கொடுத்து, எது கனம் என்று கேட்டார். என்னுடையதுதான் என்று தயங்காமல் சொன்னேன். தராசில் வைத்தால் இரண்டுக்கும் நூலிழை வேறுபாடுகூட இல்லை. அவருடைய துப்பாக்கியின் எடை இரு கைகளுக்கும் நடுவே கூடியிருந்தது. என்னுடையதில் குழல் நுனிக்கும் கட்டையின் அடிக்கும் சிதறியிருந்தது. ஆகவே முதலில் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பாருங்கள். செதுக்கு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு எடை தகும்? பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கிரீனர் என்பவரின் பெயரோடு வழங்கும் ஒரு கணக்கு உண்டு: தோட்டாவிலுள்ள ஈய ரவையின், அதாவது சிறு ஈயக் குண்டுகளின், எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும். இருபது போருக்கு 25 கிராம் ரவை என்று கொண்டால், துப்பாக்கி 2.4 கிலோ. அதற்கு மிகக் குறைந்தால் தோள் வலிக்கும். மிகக் கூடினால் சிறிய போர் வாங்கியதற்கே பொருளில்லை.

அமெரிக்காவில் இந்த அளவுப் பொருத்தத்தை மிகக் கவனமாகக் கையாண்டவர்கள் கனெடிகட் மாநிலத்து மெரிடன் ஊரின் பார்க்கர் சகோதரர்கள் என்பது என் எண்ணம். உடலின் பருமனை எண்ணாகக் குறித்து, குழலுக்கு அடியிலுள்ள கொக்கியிலேயே பொறித்தார்கள். இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கி, அதற்கும் சிறியதற்கு இரட்டைப் பூஜ்யம், மிகச் சிறியதற்கு மூன்று பூஜ்யம் என்று குறித்தனர். மதிப்பெண்ணில் பூஜ்யம் வாங்கியவர்கள் மகிழக்கூடிய ஒரே இடம் இதுதான். இருபத்தெட்டு போர் பார்க்கர் ஒன்று விலைக்கு வந்தால், அது ஒற்றைப் பூஜ்ய உடலா, இரட்டைப் பூஜ்ய உடலா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். 1934இல் ரெமிங்டன் அந்நிறுவனத்தை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு பார்க்கர் உற்பத்தி நின்றுபோயிற்று. பிலடெல்பியாவின் பாக்ஸ் நிறுவனம் பதினாறு போரையும் இருபது போரையும் ஒரே சிறிய உடலில் செய்தது. எனவே பாக்ஸில் பதினாறை வாங்குபவர் எடையில் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

இனி, வாங்குவோர் உயிரைப் பற்றிய செய்தி. இதை இரண்டு முறை சொல்வேன். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைய தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். நுழைகிறதே என்று சுட்டுவிடாதீர்கள். தோட்டாவின் நீளம் வெடித்து வாய் விரிந்த பின் அளக்கப்படுவது. மடிந்த வாயோடு அது குட்டையான அறைக்குள்ளும் நுழைந்துவிடும், வெடிக்கும்போது விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். மறுபடியும் சொல்கிறேன்: நுழைவது பொருந்துவதாகாது. இருபது போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதற்கும் ஒரு காரணம் உண்டு. தவறுதலாகப் பன்னிரண்டு போர் குழலில் அதைப் போட்டால் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் பன்னிரண்டு போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் கையருகே வெடிக்கும். சட்டைப்பையில் இரண்டு வகைத் தோட்டாக்களும் ஒருபோதும் சேர்ந்திருக்கக் கூடாது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். குழல்களின் வலிமையைச் சுட்டுச் சோதிப்பதற்காகப் பர்மிங்காமில் 1813இல் அமைந்த சோதனை இல்லத்தின் முத்திரைகளைப் படிக்கும் முறையையும், ஸ்பெயினின் எய்பார் நகரத்துத் துப்பாக்கிகளையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக ஒன்று: ஆங்கிலப் பெயருக்கு விலை கொடுக்க இயலாதவர், எய்பாரில் செய்த இருபது போரைக் கூச்சமின்றி வாங்கலாம். நானூற்றுப்பத்து எனப்படும் மிகச் சிறிய வகை உருண்டைக் கணக்கில் சேராது. அதன் உள்விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு என்பதே அந்தப் பெயர். சிறியதாயிற்றே என்று சிறுவர்களுக்கு அதை வாங்கித் தருகிறார்கள். ரவை குறைவாதலால் கை தேர்ந்தவர்கள்கூட அதில் குறி தப்புவார்கள். தொடங்குபவருக்கு அளவான எடையுள்ள இருபது போரே தகும். வணக்கம்.